முதலில் தண்ணீர், பிறகு எண்ணெய்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தோல் ஆய்வில் ஈடுபட்டிருந்த இர்வின் பிளாங்க் 1952இல் ஓர் எளிய சோதனையின் முடிவை வெளியிட்டார். காய்த்துத் தடித்த தோலின் சிறு துண்டுகளை அவர் நன்றாக உலர்த்தினார். அவை வளைத்தால் ஒடியும் அளவுக்கு விறைத்துவிட்டன. பிறகு அவற்றை எண்ணெயிலும் கொழுப்பிலும் ஊறவைத்தார். விறைப்பு குறையவில்லை. தண்ணீரில் ஊறியவை மட்டுமே இளகி வளைந்தன. வெளித்தோலில் உள்ள நீரின் அளவு சுமார் 10 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் அது நெகிழ்வை இழந்து வெடிக்கத் தொடங்கும் என்பதும் அந்த ஆய்வுகளில் தெரியவந்தது.

தோல் வறண்டுவிட்டது என்றதும் நம் கை எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடிப் போகிறது. 'உடம்பில் பசையே இல்லை, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவு' என்பது வீட்டுக்கு வீடு கேட்கும் பேச்சு. பிளாங்க்கின் கணக்குப்படி, தோலை மிருதுவாக்குவது தண்ணீர். உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகிப் போகாமல் காப்பதுதான் எண்ணெயின் வேலை. ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு இந்த வேறுபாடு பெரிது. வயது ஏறஏறத் தோல் இழப்பது நீரைப் பிடித்துவைக்கும் திறனையும், பழுதானால் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் வேகத்தையும்தான். அப்படிப்பட்ட தோலில் புதிதாகப் பூச வேண்டியவை கொஞ்சம்தான். இருப்பதைப் பறிக்காமல் விடுவதே பெரிய வேலை.

உயிரற்ற செல்களின் காவல்

நம் உடலின் ஆக வெளிப்புறத்தில் ஸ்ட்ராட்டம் கார்னியம் என்னும் படலம் இருக்கிறது. உள்ளங்கை, உள்ளங்கால் தவிர மற்ற இடங்களில் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கைத் தாண்டுவது அரிது. அந்த மெல்லிய இடத்துக்குள் 15 முதல் 20 அடுக்குகளாகத் தட்டையான, உயிரற்ற செல்கள் படிந்திருக்கின்றன. சான் ஃபிரான்சிஸ்கோவைச் சேர்ந்த தோல் மருத்துவ அறிஞர் பீட்டர் எலியாஸ் இதைச் செங்கல் சுவர் என்று விளக்கினார். செல்கள் செங்கற்கள், அவற்றுக்கு இடையே நிறைந்திருக்கும் கொழுப்புப் பொருள் சாந்து. இந்தச் சாந்தின் எடையில் ஏறத்தாழப் பாதி செராமைடு, கால் பங்கு கொலஸ்ட்ரால், மீதியில் பெரும்பகுதி கொழுப்பு அமிலங்கள். சமையல் எண்ணெய்கள் வேறு வகைக் கொழுப்பால் ஆனவை. ஆகவே அவற்றைத் தடவினால் சுவருக்கு மேல் ஒரு பூச்சு கிடைக்கும். உதிர்ந்த சாந்து திரும்பி வராது.

செல்களுக்குள்ளும் நீரைப் பிடித்துவைக்கும் பொருள்கள் உண்டு. ஃபிலாக்ரின் என்ற புரதம் உடைந்து உண்டாகும் அமினோ அமிலங்கள், யூரியா, லாக்டிக் அமில உப்புகள் ஆகியவை அவை. இவற்றுக்கு ஒரு பலவீனம் இருக்கிறது: தண்ணீரில் எளிதில் கரைந்துவிடும். வெகுநேரம் தண்ணீரில் ஊறிக் குளித்துவிட்டு வந்தால் தோல் முன்னைவிட இழுத்துப் பிடிப்பதற்கு இது ஒரு காரணம்.

மூன்றாவதாக, தோலின் மேற்பரப்பு சற்றே அமிலத் தன்மை கொண்டது. ஜெர்மானிய ஆய்வாளர்கள் ஹைன்ரிஷ் ஷாடேயும் ஆல்ஃபிரட் மார்க்கியோனினியும் 1928இல் இதற்கு 'அமிலப் போர்வை' என்று பெயரிட்டார்கள். இதன் பி.எச். அளவு 5ஐ ஒட்டி இருக்கும். செராமைடைத் தயாரிக்கும் நொதிகளுக்கு இந்த அமிலச் சூழல் தேவை. பி.எச். உயர்ந்தால் அவை மந்தமாகிவிடும். செல்களை ஒன்றோடொன்று பிணைத்திருக்கும் புரதங்களை அறுக்கும் வேறு நொதிகள் சுறுசுறுப்பாகும். அதாவது, கட்டும் வேலை குறைந்து உதிரும் வேலை கூடும்.

வயது என்ன செய்கிறது?

மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்குத் தோலின் எண்ணெய்ச் சுரப்பு குறைகிறது. ஆண்களுக்கு இது பல ஆண்டுகள் தள்ளித்தான் நிகழ்கிறது. ஒரே வீட்டில், ஒரே சோப்பைப் போட்டுக் குளிக்கும் கணவனுக்கு ஒன்றும் ஆகாமல் மனைவிக்கு மட்டும் கால் அரிப்பதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். ஈஸ்ட்ரோஜன் சுரப்பு வீழ்ந்ததும் அடித்தோலின் கொலாஜனும் வேகமாகக் கரைகிறது; முதல் ஐந்தாண்டுகளில் 30 விழுக்காடுவரை குறையக்கூடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இளமையில் நான்கு வாரத்தை ஒட்டி நடந்த மேல்தோல் புதுப்பிப்பு, முதுமையில் ஆறு வாரத்தையும் தாண்டி இழுக்கிறது.

இவற்றைவிட முக்கியமான ஒன்றை ரூபி காதியாலியும் எலியாஸும் அவர்களது குழுவினரும் 1995இல் கண்டார்கள். எண்பது வயதைக் கடந்தவர்களின் தோலையும் இருபதுகளில் உள்ளவர்களின் தோலையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். சும்மா இருக்கும்போது இரண்டு தோல்களிலிருந்தும் ஆவியாகும் நீரின் அளவில் பெரிய வித்தியாசமில்லை. பிறகு ஒட்டும் நாடாவை ஒட்டி ஒட்டி உரித்து இரு தரப்பினரின் வெளிப்படலத்தையும் வேண்டுமென்றே பழுதாக்கினார்கள். இளையவர்களின் தோல் 24 மணி நேரத்தில் பாதிப் பழுதைச் சரிசெய்துவிட்டது. முதியவர்களின் தோல் அதே நேரத்தில் எட்டியது 15 விழுக்காடுதான்.

தினசரிப் பராமரிப்பு குறித்துச் சொல்ல வேண்டியதெல்லாம் இந்த முடிவிலிருந்தே கிளைக்கிறது. இருபது வயதுக்காரி காலையில் நாரால் தேய்த்துக் குளித்தால் மறுநாள் குளியலுக்குள் தோல் ஓரளவு தேறிவிடும். எழுபது வயதுப் பாட்டி அதையே செய்தால், நேற்றைய பழுது ஆறுவதற்குள் இன்றைய பழுது சேரும். எண்ணெய்ச் சுரப்பிகள் மிகக் குறைவாக உள்ள முழங்காலுக்குக் கீழ்ப்பகுதியில்தான் இது முதலில் தெரியவரும். அங்கே நகத்தால் கீறினால் வெள்ளைக் கோடு விழும். உலர்ந்த செல்கள் செதில் செதிலாகத் தூக்கிக்கொண்டு, இடையில் காற்று புகுந்து, ஒளி சிதறுவதால் வரும் வெண்மை அது. மாநிறத் தோலிலும் கருந்தோலிலும் பளிச்சென்று தெரியும் இந்தச் சாம்பல் பூப்பு, வறட்சியை அளக்க வீட்டிலேயே கிடைக்கும் நல்ல அளவுகோல்.

குளியலறையில் குறைக்க வேண்டியவை

வழக்கமான சோப்பின் பி.எச். 9 முதல் 10 வரை இருக்கும். அழுக்கோடு சேர்த்து அது சாந்துக் கொழுப்பிலும் கொஞ்சத்தைக் கழுவிக்கொண்டு போகிறது. அமிலப் போர்வையையும் சில மணி நேரத்துக்குக் கலைத்துவிடுகிறது. நம் ஊர்ச் சோப்பு உறைகளில் 'டி.எஃப்.எம். 76 விழுக்காடு' என்று அச்சிட்டிருப்பார்கள். சோப்பில் உள்ள மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு அது. இந்தியத் தர நிர்ணயப்படி குறைந்தது 76 இருந்தால் முதல் தரம். ஆனால் இந்த எண் சோப்பின் தரத்தைச் சொல்லுமே தவிர, காரத் தன்மையைச் சொல்லாது. முதல் தரச் சோப்பும் காரம்தான். வறண்ட தோலுக்கு 'சிண்டெட்' எனப்படும் சோப்பில்லாத கழுவிகள் பொருத்தமானவை. கட்டியாகவும் நீர்மமாகவும் கிடைக்கும் இவற்றின் பி.எச். தோலின் அளவை ஒட்டியோ நடுநிலையிலோ இருக்கும்.

சோப்பை மாற்றுவதைவிட எளிய வழியும் இருக்கிறது: அதைப் போடும் இடத்தைக் குறைப்பது. அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்குத் தினமும் சோப்பு வேண்டும். மண்ணிலும் புழுதியிலும் வேலை செய்யாத நாளில் கைக்கும் காலுக்கும் முதுகுக்கும் தண்ணீரே போதும். முகத்தைக் காலையில் வெறும் தண்ணீரால் கழுவலாம். இரவில், அதுவும் சன்ஸ்கிரீனோ ஒப்பனையோ போட்ட நாளில், மென்மையான கழுவி வேண்டும்.

கொதிக்கக் கொதிக்க ஊற்றிக்கொள்வது மார்கழியில் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் சூடு சாந்துக் கொழுப்பை இளக்கி, நீர் வெளியேறும் வேகத்தைக் கூட்டுகிறது. கைபொறுக்கும் வெதுவெதுப்பு போதும். பத்து நிமிடத்துக்குள் குளியலை முடித்துவிடலாம். பீர்க்கங்கூட்டு நார், கருங்கல், உப்புத்தாள் போன்ற கையுறை எதுவும் வேண்டாம். குதிகால் மட்டும் விதிவிலக்கு. அங்கே படலம் தடிமனாக இருப்பதால் ஊறிய பிறகு லேசாகத் தேய்க்கலாம்.

கடலை மாவும் பயத்தம் மாவும் சோப்புக்கு மாற்றாகப் பல வீடுகளில் புழங்குகின்றன. அவற்றில் காரம் இல்லை என்பது நல்ல விஷயம். ஆனால் எண்ணெயை உறிஞ்சும் பொடிகள் அவை; குறுகுறுவென்ற மாவை அழுத்தித் தேய்க்கும்போது உராய்வும் சேரும். வறண்ட தோலுக்குப் போட்டுத்தான் ஆக வேண்டுமென்றால் தயிரிலோ பாலிலோ கூழாகக் குழைத்து, தேய்க்காமல் தடவிக் கழுவிவிடலாம். எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்ப்பதை அறவே விட்டுவிட வேண்டும். அதன் பி.எச். 2ஐ ஒட்டியது, தோல் விரும்பும் அமிலத்தைவிடப் பல நூறு மடங்கு கடுமை. பூசிக்கொண்டு வெயிலில் போனால் கொப்புளமும் கரும்படையும் வரும்.

எண்ணெய்க் குளியலுக்கும் இதே கணக்குதான். அரை மணி நேரம் நல்லெண்ணெய் ஊற உட்கார்ந்துவிட்டு, பிசுக்குப் போகச் சீயக்காயும் சோப்பும் போட்டுச் சுடுதண்ணீரில் அலசினால் கிடைத்ததும் போய்விடும். தலைக்குச் சீயக்காய் போதும்; உடம்பில் மிஞ்சும் எண்ணெயைத் துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு மெல்லிய படலம் தங்க விடலாம்.

குளித்தபின் சில நிமிடங்கள்

துண்டால் ஒற்றியெடுத்த தோலில் ஈரம் இன்னும் ஒட்டியிருக்கும். மூன்று நிமிடத்துக்குள் மாய்ஸ்சரைசர் தடவுங்கள் என்று தோல் மருத்துவர்கள் சொல்வது அதற்காகத்தான். காய்ந்த தோலில் தடவினால் பூட்டிவைக்க உள்ளே அதிக நீர் இருக்காது.

மாய்ஸ்சரைசரில் மூன்று வகைச் சரக்கு இருக்கும். முதல் வகை நீரை ஈர்த்துப் பிடிப்பது: கிளிசரின், யூரியா, ஹயலுரானிக் அமிலம். இவற்றில் விலை குறைந்த கிளிசரினுக்குத்தான் ஆதாரம் அதிகம். 1779இல் ஸ்வீடனைச் சேர்ந்த வேதியியலர் ஷீலே ஆலிவ் எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்த இந்த இனிப்புத் திரவத்தை, நம் தோல் செல்கள் அக்வாபோரின்-3 என்ற வாயில் வழியாக உள்ளே எடுத்துக்கொள்கின்றன. அந்த வாயில் இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்குத் தோல் வறண்டது; கிளிசரின் கொடுத்ததும் சீரானது. விளம்பரங்கள் கொண்டாடும் ஹயலுரானிக் அமிலத்தின் பெரிய மூலக்கூறுகள் ஆழத்துக்குப் போவதில்லை. மேற்பரப்பில் தங்கி ஈரம் காப்பதே அவற்றின் பயன். குளிர்சாதன அறையில் காற்று உலர்ந்திருக்கும்போது இந்த வகையை மட்டும் தனியாகத் தடவினால், அது இழுத்த நீரும் காற்றோடு போய்விடும். பன்னீரும் கிளிசரினும் கலந்து தடவிக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்கள் அதன் மேல் ஒரு கிரீமையும் பூசிக்கொள்வது நல்லது.

இரண்டாம் வகை சாந்தை நிரப்புவது: செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் கலந்த கிரீம்கள். முதிய தோலில் கொலஸ்ட்ரால் உற்பத்தியே அதிகம் தளர்வதால், கொலஸ்ட்ரால் கூடுதலாக உள்ள கலவை பழுதை விரைந்து ஆற்றியதாக எலியாஸின் குழுவினர் கண்டார்கள்.

மூன்றாம் வகை மூடிக் காப்பது. இதில் வாஸ்லினை விஞ்ச ஆளில்லை. பென்சில்வேனியாவின் எண்ணெய்க் கிணற்றுப் பம்புத் தண்டுகளில் படிந்த மெழுகைச் சுத்திகரித்து, ராபர்ட் செஸ்ப்ரோ 1872இல் காப்புரிமை பெற்ற பொருள் அது. தோலிலிருந்து ஆவியாகும் நீரில் 98 விழுக்காடுவரை அதனால் தடுக்க முடியும். பிசுபிசுப்பு பிடிக்காதவர்கள் இரவில் மட்டும், பட்டாணி அளவு எடுத்துக் காலுக்கும் கைமுட்டிக்கும் தடவினாலே போதும். குதிகால் வெடிப்புக்கு 10 விழுக்காடு அல்லது அதற்கு மேல் யூரியா உள்ள கிரீமைத் தடவி, மேலே வாஸ்லின் பூசிப் பருத்தி உறை போட்டுக்கொண்டு படுக்கலாம். ரத்தம் கசியும் வெடிப்பில் யூரியா எரியும். அது ஆறும்வரை வாஸ்லின் மட்டும் போதும்.

தேங்காய் எண்ணெய்க்கும் இங்கே இடமுண்டு. ஃபிலிப்பைன்ஸில் தோல் வறண்டவர்களிடம் நடத்தி 2004இல் வெளியான ஆய்வில், தூய தேங்காய் எண்ணெய் கனிம எண்ணெய்க்கு இணையாகப் பயன் தந்தது. ஆலிவ் எண்ணெயின் கதை வேறு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலிருந்து 2013இல் வெளியான ஆய்வு, அது தோலின் அரணைக் குலைப்பதையும் சூரியகாந்தி எண்ணெய் அப்படிச் செய்யாததையும் காட்டியது. ஆலிவில் மிகுந்திருக்கும் ஒலீயிக் அமிலம் சாந்துக் கொழுப்பின் ஒழுங்கைக் கலைப்பதே காரணம் என்கிறார்கள். எந்த எண்ணெயானாலும் ஈரத் தோலில் சில சொட்டுகள் என்பதே முறை.

முதியவர்கள் உள்ள வீட்டில் இரண்டு எச்சரிக்கைகள். எண்ணெய் தடவிய பாதம் குளியலறைத் தரையில் வழுக்கும். அந்த வயதில் இடுப்பெலும்பு முறிவு தோல் வறட்சியைவிடப் பல மடங்கு கொடியது. ஆகவே பாதத்துக்குத் தடவுவதைக் கட்டிலில் உட்கார்ந்த பிறகு வைத்துக்கொள்ள வேண்டும். வாஸ்லினும் எண்ணெயும் ஊறிய துணி எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுப்பு, விளக்கு, பீடி நெருப்பு அருகே கவனம் தேவை.

வெயில் சேர்த்துவைக்கும் கணக்கு

2012இல் ஒரு மருத்துவ இதழில் வெளியான 69 வயது அமெரிக்க லாரி ஓட்டுநரின் படம் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அவரது முகத்தின் இடப்பக்கம் மட்டும் தடித்து, சுருங்கி, வலப்பக்கத்தைவிடப் பல ஆண்டுகள் முதிர்ந்ததாகத் தெரிந்தது. 28 ஆண்டுகள் ஓட்டியபோது சன்னலோரமாக இருந்தது அந்தப் பக்கம்தான். கண்ணாடி, தோலை எரிக்கும் 'பி' வகைப் புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடும். கொலாஜனைச் சிதைக்கும் 'ஏ' வகையில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். வலப்பக்கம் அமர்ந்து ஓட்டும் நம் ஓட்டுநர்களுக்கு வலக்கன்னம் அந்த ஆபத்தில் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் நம்பூர் என்னும் ஊரில் 55 வயதுக்கு உட்பட்ட 903 பேரைப் பின்தொடர்ந்தார்கள். தினமும் சன்ஸ்கிரீன் போட்டவர்களிடம் நாலரை ஆண்டுகளில் தோல் முதிர்ச்சி, விருப்பப்பட்டபோது போட்டவர்களைவிட 24 விழுக்காடு குறைவாக இருந்தது. வெளிர் தோலினர் நிறைந்த ஊரின் கணக்கு அது. அப்படியே நமக்குப் பொருத்த முடியாது. நம் தோலின் மெலனின் ஓரளவு காக்கிறது; சுருக்கத்துக்கு முன்னால் கன்னத்திலும் நெற்றியிலும் நிறத்திட்டுகள்தான் நமக்கு வரும். எஸ்.பி.எஃப். 30உம், 'ஏ' கதிரைத் தடுப்பதற்கான பி.ஏ. குறியும் உள்ள கிரீம் வகைச் சன்ஸ்கிரீனைக் காலையில் மாய்ஸ்சரைசருக்கு மேல் போடலாம். ஜெல் வகைகளில் பலவற்றில் ஆல்கஹால் இருப்பதால் வறண்ட முகத்தை இன்னும் இழுக்கும். குடையும் முழுக்கைச் சட்டையும் இதற்குக் குறைந்தவை அல்ல.

மெதுவாகத் தொட வேண்டியவை

வெயிலால் பழுதான தோலை ட்ரெட்டினாயின் என்ற மருந்து சீராக்கும் என்று அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மனின் குழு 1986இல் காட்டியது. கொலாஜனை வளர்க்க இன்றுவரை நன்கு நிரூபணமான பூச்சு அந்த வைட்டமின் 'ஏ' குடும்பம்தான். அதே மருந்து முதல் சில வாரங்களில் வெளிப்படலத்தை மெலித்து, தோலை உரித்து, எரிய வைக்கும். ஆறும் வேகம் குறைந்த தோலில் இந்தக் கட்டம் நீளும். ஆகவே முதலில் ஒரு மாதமாவது கழுவுதலையும் ஈரம் காத்தலையும் ஒழுங்காக்கி, வெள்ளைக் கோடு மறைந்த பிறகே அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ரெட்டினாலை வாரம் இரண்டு இரவு, மாய்ஸ்சரைசருக்கு மேல், தொடங்கலாம். கிளைகோலிக் அமிலம் போன்ற உரிப்பான்களையும் அதே வாரத்தில் சேர்க்க வேண்டாம்.

தொடவே கூடாத ஒன்றும் இருக்கிறது. 'ஒரே வாரத்தில் பளபளப்பு' என்று கைமாறும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. அது தோலை இன்னும் மெலிதாக்கும். நிறுத்தினால் முகம் சிவந்து எரியும்.

இத்தனை கவனித்தும் அரிப்பு இரண்டு மூன்று வாரத்துக்குக் குறையாவிட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தைராய்டு குறைவு, சிறுநீரகக் கோளாறு, கல்லீரல் கோளாறு ஆகியவை அரிப்பாகவே தலைகாட்டுவதுண்டு. சிறுநீர் பிரிக்கும் மாத்திரையும் கொலஸ்ட்ரால் மாத்திரையும் சிலருக்குத் தோலை உலர்த்தும். அவற்றைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நீரிழிவு உள்ளவரின் பாதத்தில் வெடிப்பு விழுந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

அழகுக்காகச் செய்யும் வேலை என்று இதை ஒதுக்குபவர்கள், 2014இல் மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வெளியான ஓர் ஆய்வைக் கவனிக்கலாம். 14 முதியோர் இல்லங்களில், ஒரு பகுதியினருக்கு நாளுக்கு இருமுறை கை கால்களில் சாதாரண மாய்ஸ்சரைசர் தடவிவந்தார்கள். கட்டில் விளிம்பிலும் நாற்காலிக் கையிலும் இடித்துத் தோல் கிழிவது அவர்களிடம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. பயன் தந்தது தவறாமல் இருமுறை என்ற ஒழுங்கு. உங்கள் வீட்டிலும் ஒரு சமயத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, மேல்தோல் ஒரு சுற்றுப் புதுப்பித்துக்கொள்ள ஆறு வாரமாவது கொடுங்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே நகத்தால் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். வெள்ளை விழாவிட்டால் அந்தக் கிரீமை மாற்ற வேண்டியதில்லை, அது எவ்வளவு மலிவானதாக இருந்தாலும்.